கன்னியாவின் ஏழு கிணறுகள்

ஜப்பான் நாட்டின் கடற்கரைகளில், வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிச் சிறு விடுதிகள் பல உண்டு. ஊரைவிட்டு விலகி, ஒருபுறம் மலையும் மறுபுறம் கடலுமாக அமைந்த அவ்விடுதிகளில் ஓரிரு நாள் தங்கி, காலையும் மாலையும் வெந்நீரில் அமிழ்ந்திருப்பது அந்நாட்டு மக்களுக்குப் பெரிதும் விருப்பமான ஓய்வு. தொட்டியில் இறங்குமுன் உடலை நன்கு கழுவிக்கொள்ள வேண்டும், ஆடையோடு இறங்கலாகாது. இபுசுக்கி என்னும் ஊரில் கடற்கரை மணலே நிலத்தடி வெப்பத்தால் சுடுகிறது. அம்மணலில் கழுத்தளவு புதைந்து கிடப்பர். எரிமலை நாடாதலால் அங்கே இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுக்கண்கள் உள்ளன. எது வெந்நீர் ஊற்று என்பதற்குச் சட்டமே உண்டு. 1948-இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி, நிலத்திலிருந்து வெளிப்படும் நீர் 25 பாகை செல்சியசுச் சூடு இருந்தாலே போதும். அவ்வாறாயின் குன்னத்தில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணறும் வெந்நீர் ஊற்றுதான்! மார்கழி விடியலில் அந்நீர் ஆவி பறக்க வருவதைக் கண்டிருக்கிறோம்.

எங்களுள் ஒருவருக்கு நெடுநாளாக முழங்கால் வலி. வெந்நீர் ஊற்றைப் பற்றிப் படித்தது முதல் அங்குச் செல்லும் ஆசை பிறந்தது. ஜப்பானுக்குச் செல்லப் பொருள் வசதி இல்லை. ஆனால் தமிழ் பேசும் மண்ணிலேயே, கடலுக்கு அண்மையில், அத்தகைய இடம் ஒன்று இருக்கிறது. இலங்கையின் திருகோணமலையிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள கன்னியா அது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேர வானூர்தி. கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு இரயிலேறினால் விடியலில் திருகோணமலை. ஓய்வூதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இதற்குப் போதுமானதாயிற்று.

புறப்படுமுன் ஒரு வேண்டுகோள் வந்தது. எங்களுக்கு ஆடை தைத்துத் தரும் அம்மையார் ஒருவர், நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்கிறார். 1990-இல் கைக்குழந்தையோடு படகேறி இராமேசுவரம் வந்தவர். அவருடைய தாயார் படகேற மறுத்துத் திருகோணமலைப் பக்கமே தங்கிவிட்டார். சில ஆண்டுகளில் அத்தாய் இறந்தார். செய்தி கடிதமாக இங்கு வந்து சேர இரண்டு மாதமாயிற்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கடனைக் கன்னியாவில் செய்வதே அவ்வூர் வழக்கமாம். செய்ய ஒருவரும் இல்லை. “நான் போனால் திரும்பி வரேலாது. பிள்ளைகள் இங்கை. நீங்கள் போறீங்கள்தானே அக்கா? அம்மான்ரை பேரைச் சொல்லி ஏழு கிணத்திலையும் ஒவ்வொரு வாளி ஊத்திப்போட்டு வாங்கோ” என்றார். அவர் சைவர், நாங்கள் கத்தோலிக்கர் என்பது அவர் அறியாததன்று. கேட்டுவிட்டுத் தையல் எந்திரத்தை மீண்டும் மிதிக்கத் தொடங்கினார். நாங்கள் மறுமொழி கூறும்வரை தலை நிமிரவில்லை.

ஆம் என்றோம். ஆயினும் வீடு திரும்பியபின் எங்களுள் ஒருவர், பிறர் சமயச் சடங்கில் நாம் எவ்வாறு பங்குகொள்வது என்றார். மற்றவர், நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றும்போது அடுத்த கல்லறையில் விளக்கில்லையெனில் அங்கும் ஒன்றை ஏற்றி வைக்கிறோமே, அவர் யாரென்று விசாரித்தா ஏற்றுகிறோம் என்றார். சடங்கு செய்பவர் வேறு, நாம் ஊற்றுவது நீர்தானே என்றும் சொன்னார். இப்பேச்சு திருகோணமலை சேரும்வரை முடிவுக்கு வரவில்லை.

நாங்கள் தங்கியது நகருக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரையில், பனைகளுக்கு நடுவே நான்கே அறைகள் கொண்ட ஒரு விடுதி. ஆவணி மாதமாதலால் கடல் குளம்போல் கிடந்தது, எதிரே புறாத்தீவு. வேறு விருந்தினர் எவருமில்லை. காலையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். இரவில் மீன் குழம்பும் சோறும். விடுதியை நடத்தும் மூதாட்டியே பரிமாறுவார். இரவில் அலை ஓசையும், தொலைவில் மீனவர் படகொன்றின் எந்திர ஓசையுமன்றி வேறெதுவும் கேட்பதில்லை. நாய்களும் ஒலிபெருக்கிகளும் நிறைந்த ஊரிலிருந்து சென்ற எங்களுக்கு முதல் நாள் இரவு அவ்வமைதியாலேயே உறக்கம் வரவில்லை.

உங்கள் ஊரில் கடல் உண்டோ என்று அம்மூதாட்டி கேட்டார். இப்போது இல்லை, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இருந்தது என்றோம். நாங்கள் வேடிக்கை பேசுவதாக எண்ணிச் சிரித்தார். குன்னத்தைச் சுற்றிய நிலங்களில் ஏர் உழும்போது கல்லாகிப்போன சிப்பிகள் கிடைப்பதையும், எங்களுக்கு அண்மையில் உள்ள சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிக் கிடப்பதையும், 1940-இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்ததையும் எடுத்துரைத்தோம். கரையோரத்து மரம் அக்காலக் கடலில் வீழ்ந்து, மணலால் மூடுண்டு கல்லாயிற்று. மூதாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “உங்கட கடல் நல்ல கடல், தானாப் போயிட்டுது” என்றார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் இவ்வழியே வந்த ஆழிப்பேரலை அவர் வீட்டில் இருவரைக் கொண்டுபோயிருந்தது. அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆட்டோவில் கன்னியா சென்றோம். ஜப்பானிய விடுதிப் படங்களை மனத்தில் கொண்டு செல்வோர் அங்கே ஏமாறுவர். அமிழ்ந்து கிடக்கத் தொட்டி இல்லை. உடை மாற்றக்கூட வசதி குறைவு. ஒரு முற்றத்தில், முழங்கால் உயரச் சுவர் எழுப்பிய சிறு சதுரக் கிணறுகள் ஏழு, அருகருகே. ஆழம் மூன்று நான்கு அடிதான். அடித்தரை தெளிவாகத் தெரிகிறது. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதே. வியப்பு யாதெனில், ஒட்டியிருக்கும் இக்கிணறுகளில் ஒன்றன் சூடு மற்றதற்கு இல்லை. ஒன்று வெதுவெதுப்பு, இன்னொன்றில் கை வைத்தவுடன் இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. மிகச் சூடானதும் 40 பாகையை ஒட்டியதே.

இராவணன் தன் தாய் இறந்ததாகக் கேள்வியுற்று, ஈமக்கடன் செய்ய நீர் வேண்டி, நிலத்தை ஏழிடத்தில் வாளால் குத்தினான் என்பது தலக்கதை. அறிவியலார் கூறுவது வேறு. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே மிக ஆழம் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை பூமியின் சூடு ஏறுவதால், அந்நீர் காய்ந்து வேறொரு பிளவின் வழியே மேலெழுகிறது. அம்பாறை மாவட்டத்து மகாஓயாவிலும் இத்தகைய ஊற்று உண்டு. இரண்டு விளக்கங்களும் எங்களுக்குப் பிடித்திருந்தன. ஆயினும் மகன் ஒருவன் தாய்க்காகத் தோண்டிய கிணறு என்ற எண்ணமே அன்று மனத்தில் நின்றது.

இவ்விடம் யாருக்கு உரியது என்ற பூசல் 2019-இல் நீதிமன்றம் வரை சென்றது. தொல்பொருள் திணைக்களத்தின் பலகைகளைக் கண்டோம். வெளியூரார் அதில் புகுந்து தீர்ப்புக் கூறுதல் முறையன்று. சிங்களக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் வாளிகளைக் கைமாற்றிக் குளித்துக்கொண்டிருந்ததை மட்டும் கண்டவாறு கூறுகிறோம். ஒரு மூலையில் தலை மழித்த இளைஞன் ஒருவன், ஈர வேட்டியோடு, உறவினர் சூழ ஒவ்வொரு கிணறாகச் சென்றுகொண்டிருந்தான். எவரும் அழவில்லை.

முழங்கால் வலி உடையவரே முதலில் வாளியை எடுத்தார். தயங்கியவர் பையையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்வதாகக் கூறி நின்றார். முதல் கிணற்றில் மொண்டு, அம்மையாரின் தாயார் பெயரைச் சொல்லித் தலையில் ஊற்றியாயிற்று. இரண்டாவது, மூன்றாவது. நான்காவது கிணற்றருகே குனிய முடியாமல் கால் பிடித்துக்கொண்டது. அப்போது பையும் செருப்பும் கவனிப்பாரற்றுக் கிடக்க, நின்றவர் வந்து வாளியை வாங்கி மொண்டு ஊற்றினார். எஞ்சிய நான்கும் அவ்வாறே நிறைவேறின. ஒவ்வொரு முறையும் பெயரை இருவரும் சேர்ந்தே சொன்னோம். முதல் நாள் முதல் நீண்ட வழக்கு அத்துடன் பேசப்படவில்லை.

வலி என்னாயிற்று எனக் கேட்பீர்கள். அன்று மாலைவரை கால் இலேசாயிருந்தது. கடற்கரையில் நெடுந்தூரம் நடந்தோம். மறுநாள் பழையபடியே. வெப்பம் தசையைத் தளர்த்தும். தேய்ந்த மூட்டை மீட்டுத் தராது என்று எங்கள் மருத்துவர் முன்னரே கூறியிருந்தார்.

ஊர் திரும்பியதும் முகாமுக்குச் சென்றோம். அம்மையார் நன்றி கூறவில்லை; எந்தக் கிணறு கூடச் சூடு என்று கேட்டார். நான்காவது என்றார் எங்களுள் ஒருவர். ஆறாவது என்றார் மற்றவர். “இல்லை, நான் சின்னனிலை அம்மாவோடை போகேக்கை ஐஞ்சாவதுதான் சுடும்” என்றார் அவர். எந்தப் பக்கமிருந்து எண்ண வேண்டும் என்று வினவினோம். துணியில் சுண்ணக்கட்டியால் ஏழு சதுரங்கள் வரைந்து, வாசல் இருக்கும் பக்கத்தைக் காட்டி, எங்களுக்கு எண்ணிக் காட்டத் தொடங்கினார்.