கோவில்பட்டிக்குக் கொழும்பு எவ்வளவு தூரம்?

ஐப்பசி மழைக்குப் பின் கரிசற்காட்டில் நடப்பது எளிதன்று. மண் காலைப் பற்றினால் விடாது. அத்தகையதொரு மாலையில், கோவில்பட்டிக்குக் கிழக்கேயுள்ள சிற்றூர் ஒன்றிற்கு நோயாளிகளைச் சந்திக்கச் சென்றிருந்தோம். திண்ணையிலிருந்த மூதாட்டி ஒருவர், "சாமி, மெட்ராசு தூரமா, கொழும்பு தூரமா?" என்று வினவினார். "கொழும்புதான் பாட்டி, கடல் தாண்ட வேண்டுமே!" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பங்கு இல்லத்தில் நிலப்படத்தை விரித்து அளந்தபோதுதான் நமது அறியாமை விளங்கிற்று. வான்வழியே சென்னை ஏறத்தாழ 510 கிலோமீட்டர். கொழும்போ 330 தான்! மறுவாரம் சென்று தவற்றை ஒப்புக்கொண்டோம்.

அவர் அட்டன் அருகே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பலில் வந்து சேர்ந்தவர். தம்பி அங்கேயே தங்கிவிட்டார். இப்போது படுக்கையில் இருக்கிறாராம். "மொகத்த ஒரு தடவ பாத்துரணும் சாமி" என்றார்.

ஒரு காலத்தில் கொழும்புப் பாதை நம் ஊர் வழியேதான் சென்றது என்பதை இளைஞர் பலர் அறியார். 1876-இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் கோவில்பட்டியைக் கடந்து தூத்துக்குடியில் கப்பலேறினர். அந்தக் கடலில்தான், நமது கரிசற்சீமையின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி வெள்ளையரோடு போட்டியிட்டார். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் பயணிகள் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பினர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் எண்பதுகளில் உள்நாட்டுப் போரால் நின்றது. 2011-இல் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் மீண்டும் ஓடியது. சில திங்களிலேயே அதுவும் நின்றுபோயிற்று.

எஞ்சியது வானூர்தி. மதுரையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க நிலையம் நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி. ஆனால் அந்த ஒரு மணியை நம்பிப் புறப்படுவோர் ஏமாறுவர். கோவில்பட்டியிலிருந்து மதுரை நிலையத்திற்கு இரண்டு மணி நேரம். அங்கே சோதனைகளுக்காக மூன்று மணி முன்னதாக இருக்க வேண்டும். இறங்கிய பின் ஒரு மணி. அதன்பின் அட்டனுக்கு மலைப்பாதையில் நான்கைந்து மணி. ஆகப் பன்னிரண்டு மணி நேரம்! சென்னைக்கு இரவு இரயிலில் பத்து மணியில் போய்விடலாம். எனவே நமது முதல் விடையும் முழுப்பொய் அன்று என்று சற்றே ஆறுதல் கொண்டோம்.

பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் பெரிதாகப் படவில்லை. "ஒரே நாள்ல போயிரலாம்ல?" என்று மட்டும் கேட்டார். அவருக்குக் கடவுச்சீட்டு இல்லை. பிறந்த இடத்தைக் காட்டும் பழைய தாள்கள் தகரப்பெட்டியில் பாதி செல்லரித்துக் கிடந்தன. பேரன் அலைந்தான், நாமும் இரு கடிதங்கள் எழுதிக் கொடுத்தோம். நான்கு திங்கள் கழிந்தன. ஒவ்வொரு ஞாயிறும், திருப்பலி முடிந்ததும், "தம்பி இருக்கானாம் சாமி" என்று நம்மிடம் சொல்லிவிட்டுப் போவார்.

சென்ற வாரம் சீட்டு வந்துவிட்டது. கடலைமிட்டாய் இரண்டு கிலோ வாங்கியாயிற்று. பேரனிடம் இடப்புறச் சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறோம். மேகம் இல்லையெனில், அப்பக்கந்தான் இராமேசுவரமும் தலைமன்னாரும் தொலைவில் தென்படக்கூடும்.