கூரை நுனியில் பூத்த மண் பூக்கள்... ஏதென்ஸ் தெருக்களில் அண்ணாந்து ஒரு நடை!

ஏதென்ஸுக்குப் போகிற எல்லோரும் அண்ணாந்துதான் நடப்பார்கள். எங்கே திரும்பினாலும் அக்ரோபோலிஸ் குன்று தெரியுமே! நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் நடந்தேன். மூன்றாம் நாள், பிளாக்கா பகுதிச் சந்து ஒன்றில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அங்கே இல்லடி, இந்த வீட்டு மேல பாரு."

அத்தானுக்கு பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி வேலை. அக்கா அங்கே குடித்தனம் போய் நான்கு வருடம் ஆகிறது. "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தவளுக்காக, ஒரு வருட லீவை மொத்தமாகச் சேர்த்துக் கிளம்பியிருந்தேன்.

அவள் காட்டியது ஒரு பழைய மாடி வீடு. மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல். கூரை ஓரம் நெடுக, ஒரு சாண் உயரத்தில் சுடுமண் பூக்கள் வரிசையாக நின்றன. விரித்த விசிறி போல இதழ்கள். ஒவ்வொன்றும் அடுத்ததன் அச்சு அசல். இவற்றின் பெயர் 'அக்ரோகெராமோ'. அக்ரோ என்றால் நுனி, உச்சி. கெராமோஸ் என்றால் ஓடு, சுட்ட மண். நுனி ஓடு, அவ்வளவுதான். ஊரின் உச்சியில் இருப்பதால் அது அக்ரோபோலிஸ், ஓட்டின் நுனியில் இருப்பதால் இது அக்ரோகெராமோ.

வெறும் அழகுக்காக வந்தது இல்லை இது. நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். திருநெல்வேலியில் எங்கள் ஆச்சி வீட்டுக் கூரை ஓரத்தில், கவிழ்த்த ஓடுகளின் வாய் திறந்தே கிடக்கும். குருவி கூடு கட்டும், சாரல் அடித்தால் தண்ணீர் உள்ளே போகும். பழைய கிரேக்கர்களின் கூரையிலும் இரண்டு ஓடுகள் சேரும் இடத்தின் மேல் ஒரு மூடு ஓடு கவிழ்ந்திருக்கும். அதன் திறந்த வாயை அடைக்க ஒரு மண் பலகை வைத்தார்கள். அடைப்பதுதான் அடைக்கிறோம், ஒரு பூவாக இருக்கட்டுமே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. சில கூரைகளில் பூவுக்குப் பதில் நாக்கைத் துருத்தும் கோர்கன் முகம். நம்ம ஊர் திருஷ்டி பொம்மைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம்!

கோயில் என்றால் இன்னும் பெரிது. முக்கோண முகப்பின் உச்சியிலும் இரண்டு ஓரங்களிலும் சிலைகளோ, பெரிய பூ வேலையோ நிற்கும். அதற்கு 'அக்ரோடிரியோன்' என்று பெயர். கி.மு. 447-ல் தொடங்கி கி.மு. 432-ல் வேலை முடிந்த பார்த்தினான் கோயிலின் உச்சியில் இருந்தது, பளிங்கில் குடைந்த ஒரு பெரிய இலைக்கொத்து. அகாந்தஸ் என்கிற முள்செடியின் இலை அது. நம் உப்பங்கழி ஓரத்தில் வளரும் கழுதைமுள்ளி அதற்கு நெருங்கிய சொந்தம்! கிடைத்த துண்டுகளை வைத்து, மீதியை நிரப்பி அதன் முழு உருவத்தை அக்ரோபோலிஸ் மியூசியத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். 'அக்ரோபோலி' மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மியூசியம். குன்றில் ஏறும் முன் இங்கே போய்விடுங்கள். மேலே எது இல்லை என்று தெரிந்துகொண்டு ஏறினால், பார்வையே வேறு.

இந்த வேலை ஒன்றும் மட்டமானதாகவும் கருதப்படவில்லை. ஒலிம்பியாவில் வெற்றி தேவதை நீகேயின் சிலையைச் செதுக்கியவர் பையோனியோஸ் என்ற சிற்பி. சிலையின் பீடத்தில் தன் பெயரைப் பொறித்ததோடு நிற்கவில்லை. கோயில் கூரைக்கான அக்ரோடிரியா செய்வதிலும் ஜெயித்தவன் நான் என்று சேர்த்துப் பொறித்துக்கொண்டார். விசிட்டிங் கார்டு!

சரி, கோயில் கூரையில் இருந்தது சாதாரண வீட்டுக்கு எப்படி வந்தது? 1834-ல் ஏதென்ஸ் புதிய கிரேக்க நாட்டின் தலைநகரானது. அரசர் ஆட்டோ, பவேரியாவிலிருந்து வந்தவர். ஜெர்மன், டென்மார்க் கட்டடக் கலைஞர்கள் பழங்காலத் தோரணையில் புது நகரம் கட்டினார்கள். அரண்மனையைப் பார்த்து வியாபாரி, வியாபாரியைப் பார்த்து குமாஸ்தா என்று அந்த ஆசை இறங்கி வந்தது. பளிங்குக்குப் பணம் இல்லாதவரும் அச்சில் அழுத்திச் சூளையில் சுட்ட மண் பூவை வாங்கிக் கூரையில் வைக்க முடிந்ததே.

அப்புறம் வந்தது 'அந்திபரோகி'. பெயர்தான் புதுசு, விஷயம் நமக்குப் பழசு. ஜாயின்ட் வென்ச்சர்! நிலத்துக்காரர் வீட்டைக் கொடுப்பார், கட்டுநர் தன் செலவில் இடித்து அடுக்குமாடி எழுப்புவார், பணத்துக்குப் பதில் சில பிளாட்டுகள் தருவார். ஒரே கட்டடத்தில் தனித்தனி ஆள் தனித்தனி வீட்டை உடைமையாக வைத்துக்கொள்ள 1929-லேயே சட்டம் வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கிராமங்களிலிருந்து ஜனம் குவிய, தெருத் தெருவாகப் பழைய வீடுகள் விழுந்தன. திட்டவும் மனம் வரவில்லை. அக்கா குடியிருப்பதே அப்படி எழுந்த ஓர் அடுக்குமாடியில்தான். லிஃப்ட் உண்டு, பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி உண்டு. அதற்கு முன் அங்கே எந்த வீடு இருந்ததோ!

மறுநாள் மோனஸ்டிராகியிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன் தள்ளி கெராமீகோஸ் போனோம். அந்தக் காலத்துக் குயவர்கள் பகுதி. பெயரிலேயே அதே கெராமோஸ் இருக்கிறது பாருங்கள். சுற்றுலாப் பயணிகள் அதிகம் நுழையாத பின்தெருக்களில் பூட்டிய வீடுகள் நிறைய. ஒரு வீட்டின் கூரை நடுவில் உள்வாங்கியிருந்தது, சுவர் முழுக்க ஸ்பிரே பெயின்ட் கிறுக்கல். கூரை ஓரத்தில் மட்டும் மண் பூக்கள், பல் விழுந்த வாய் போல இடைவெளி விட்டு. எண்ணினேன், ஒன்பது. பத்தாவது, கீழே நடைபாதை ஓரம் இரண்டாக உடைந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பூவின் பின்பக்கம் வெறும் அரைவட்ட ஓடு. அடைப்பு வேலை செய்த பக்கம் அது. அங்கே அச்சுக்காரரின் விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

எதிர்க் கடைக்காரரிடம் அக்கா கிரேக்க மொழியில் விசாரித்தாள். வாரிசுகள் ஏழெட்டு பேராம். விற்பதா, இடிப்பதா, பழுது பார்ப்பதா, ஒத்துப்போகவில்லையாம். மழை யாருக்கும் காத்திருக்குமா?

திரும்பும் வழியில், மோனஸ்டிராகி பழைய பொருள் சந்தையில் அதே போன்ற பூக்கள் விற்பனைக்கு அடுக்கியிருந்தன. எந்தெந்த வீட்டுக் கூரையில் இருந்தவையோ. விலை கேட்டதும் அத்தான் முகம் மாறியது. பக்கத்துக் கடையில் அதே பூ, ஃப்ரிட்ஜ் மேக்னெட்டாக. அதை வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி, ஒன்பது பூக்களின் போட்டோவை அப்பாவுக்கு அனுப்பினேன். ஆச்சி வீட்டை பிளாட் போட ஒரு புரமோட்டர் ஆறு மாதமாக அவரைச் சுற்றி வருகிறார். சித்தப்பாக்களுக்குச் சம்மதம், அத்தைக்கு இல்லை. "யார் வீடும்மா அது?" என்று அப்பா கேட்டார். ஏழெட்டு வாரிசு கதையைச் சொன்னேன். வெகு நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "ஞாயித்துக்கிழமை ஓடு மாத்துற ஆளை வரச் சொல்லிருக்கேன். மழைக்கு முன்னாடி ஒழுகுறதை மட்டும் பாத்துருவோம். மத்ததை நீ வந்த பிறகு பேசலாம்."