'சின்ன மாமி' ஆற்ற பாட்டு?

கிளிநொச்சியில எங்கட பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ் வெளிக்கிட்டாலே 'சின்ன மாமியே' தொடங்கிவிடும். அது சிலோன் மனோகரின்ர பாட்டு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். போன மாதம் பெரியப்பா சிரித்தார். "இல்லைப் பிள்ளை, மனோகர் 'சுராங்கனி' பாடினவர். இது நித்தி கனகரத்தினம் பாடினது."

தேடிப் பார்த்தேன். ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடிகளில் ஒருவர். பிறகு அவுஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'யும் அவருடையதுதான். எங்கட வீட்டுப் பேச்சையே பாட்டாக்கின மனுசன்!

2009 இடப்பெயர்வில எங்கட வீட்டுக் கசெற்றுகள் எல்லாம் போய்விட்டன. பாட்டு மட்டும் வாய்க்கு வாய் தாவித் தப்பி வந்தது. பாடினவரின்ர பெயர்தான் வழியில தவறிப்போச்சு. அடுத்தமுறை பஸ்ஸில ஆராவது தொடங்கினால், அந்தப் பெயரையும் சேர்த்தே சொல்லப்போறன்.