காலை எங்கே வைப்பது?

அயோத்தியாப்பட்டணத்து நண்பர் ஒரு பழைய சான் ஸ்டார்ம் வைத்திருக்கிறார். 1990-களின் கடைசியில் கோவாவில் தயாரான, கூரையைக் கழற்றினால் வானம் தெரிகிற, ரெண்டே பேர் உட்காரும் ஃபைபர் பாடி கார். அதில் சப்வூஃபர் வைக்க ஆசை. (சேலம் தனியார் பஸ்களில் கேட்டுக் கெட்ட காது.)

ஆடியோ கடைப் பையன் பன்னிரண்டு இஞ்ச் பெட்டியோடு வந்து, காரை நாலு சுற்று சுற்றினான். சீட்டுக்குப் பின்னால் டிபன் கேரியருக்குத்தான் இடம்.

'மூடின காருக்குள் காற்றழுத்தம் சேர்வதால் கொஞ்சம் பவரிலேயே நெஞ்சு அதிரும். திறந்துவிட்டால் அத்தனையும் போச்சு. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே எட்டரை மீட்டர், உம்ம காரைப்போல ரெண்டு மடங்குக்கு மேல்' என்றேன். யார் கேட்டார்கள்?

கடைசியில் எட்டு இஞ்ச். பக்கத்து சீட்டுக்காரர் கால் வைக்கிற இடத்தில்.

''ஏனுங்க, நான் காலை எங்க வைக்கிறதாம்?'' என்றார் மனைவி. முட்டிவலிக்காரர்.

''பெட்டி மேலயே வெச்சுக்கோ.''

கோதண்டராமர் கோயில் வரை அப்படியே போனவர், திரும்பும்போது டவுன் பஸ் ஏறிவிட்டார். நண்பர் பக்கத்து சீட் காலியாக, முழு பாஸில் பாட்டோடு வீடு வந்தார். பாதிப் பாட்டிலேயே அணைத்துவிட்டாராம்.

பெட்டி இப்போது டி.வி.க்குக் கீழே. காரில் அம்மணி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். பழைய ஸ்பீக்கரில் பாட்டு, பாதி காற்றுக்கு.