ரோமாபுரிக்கு ஐந்து பேர்



சில வாரங்களாக நமது சபையில் ஒரு கேள்வி சுற்றி வருகிறது. வாய் திறந்து கேட்டவர்கள் இருவர். பார்வையாலே கேட்டவர்கள் பலர். "பாஸ்டர் ஐயா குடும்பத்தோடு இத்தாலிக்குப் போகிறாராமே, அவ்வளவு பணம் எங்கிருந்து?" நியாயமான கேள்விதான். போதகர் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பதே தெருமுனை வரைக்கும் தெரிந்துவிடுகிற செஞ்சியிலே, இந்தச் செய்தி மட்டும் மறைந்திருக்குமா? ஆகவே இந்த வாரம் கணக்கையே எழுதிவிடுகிறேன். உங்களிலும் சிலர் இப்படியொரு ஆசையை மனதில் வைத்திருக்கிறீர்கள் என்பதை அறிவேன். அவர்களுக்கும் இது பயன்படட்டும்.

முதலாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது விடுமுறைப் பயணம். புனிதப் பயணம் அன்று. எருசலேமுக்குச் செல்லும் கிறிஸ்தவர்களுக்குத் தமிழக அரசு உதவித்தொகை வழங்குகிறது. எங்கள் பயணத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, கேட்கவும் முடியாது. ஊர் பார்க்கும் ஆசைக்குப் பக்தி என்று பெயர் சூட்டினால் டிக்கெட் விலை இறங்கிவிடாது. என் மகனுக்கு எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பே நகரைப் பார்க்க வேண்டும். மகளுக்கு வெனிஸ். மனைவிக்கு சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாற்பது ஆண்டுகள் பவுலின் பயண வரைபடத்தை விரித்துக் காட்டிய என் தாயாருக்கு, அந்த வரைபடத்தின் கடைசிக் கோடு முடிகிற இடம். எனக்கோ, மகள் கல்லூரி விடுதிக்குப் போவதற்கு முன் இந்த நால்வரோடும் சில நாள் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். ஞாயிறும் இடையில் வரும் அடக்க ஆராதனையும் அழைக்காத சில நாள்.

எளிய வழி ஒன்று வந்தது. ஒரு பயண ஏற்பாட்டாளர் வீட்டுக்கே வந்து, சபையாரில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தால் போதகருக்கு இலவச இருக்கை என்றார். இன்னும் சிலரைச் சேர்த்தால் என் மனைவிக்கும் இலவசம். இந்த வழக்கம் நம்மிடையே பெருகியிருப்பதை அறிவீர்கள். நான் மறுத்துவிட்டேன். அந்த இலவசத்துக்கான தொகை, உடன் வருகிற ஒவ்வொரு விசுவாசியின் கட்டணத்திலும் பங்காகச் சேர்ந்திருக்கிறது என்பதை உணர வேதசாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல் தெரிந்தால் போதும். தவிரவும், முழுத் தொகுப்பாக வாங்கும் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு விற்பவரே வருமான வரித்துறைக்காக ஒரு தொகையைப் பிடித்துச் செலுத்த வேண்டும். பின்னர் வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அதுவரை நம் பணம் முடங்கிக் கிடக்கும். நாங்களே ஏற்பாடு செய்துகொள்வதென்று தீர்மானித்தோம்.

பணம் என் மனைவியின் ஆசிரியர் சம்பளத்திலிருந்து சேர்ந்தது. அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கில் மாதம் 10,000 ரூபாய், ஐந்து ஆண்டுகள். அசல் 6 லட்சம். வட்டியோடு ஏறத்தாழ 7 லட்சம். இதற்காக நகை அடகுக்குப் போகவில்லை, சீட்டு எடுக்கவில்லை, கடன் இல்லை. இடையில் ஒருமுறை தவணை நின்றது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஏரிகள் உடைந்தன, நம்மில் பலருடைய வீடுகளில் அரிசிப் பானை வரை தண்ணீர் ஏறியது. அந்த மாதமும் அடுத்த இரண்டு மாதங்களும் இத்தாலிப் பணம் அஞ்சலகத்துக்குப் போகவில்லை. நின்ற தவணையைப் பிறகு கட்டும்போது நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம், கட்டினோம்.

இதிலே எனக்கு வழிகாட்டி, ரோமர் நிருபத்தின் 15-ஆம் அதிகாரம். பிரசங்கங்களில் அதிகம் தொடப்படாத பகுதி, ஏனெனில் அதில் உபதேசத்தைவிடப் பயணத் திட்டமே மிகுதி. பவுலுக்கு ஸ்பானியா தேசம் போக வேண்டும். போகிற வழியில் ரோமாபுரியில் தங்கி, அங்குள்ளவர்களைக் கண்டு மகிழ வேண்டும். மேற்கொண்டு அவர்கள் தன்னை வழிவிட்டனுப்ப வேண்டும் என்றும் கூச்சமின்றி எழுதுகிறார். ஆயினும் அதற்கு முன்பாக, மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் ஏழைகளுக்காகச் சேர்ந்த பணத்தை எருசலேமில் ஒப்படைத்தாக வேண்டும். ரோமாபுரி மேற்கே இருக்க, பணத்தோடு கிழக்கே புறப்படுகிறார். நிலப்படம் வைத்துப் பார்த்தால் எத்தனை பெரிய சுற்று என்பது விளங்கும்.

எங்கள் திட்டத்துக்கு வருகிறேன். முதல் இடையூறு நாட்காட்டி. போதகனுக்கு அரையாண்டு விடுமுறை கிடையாது. அது கிறிஸ்துமஸ் காலம். தபசு காலத்தில் அசைய முடியாது. மகளுக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. மிஞ்சுவது ஈஸ்டர் கழிந்த பின் வரும் கோடை விடுமுறை. இத்தாலியில் அப்போது வெயில் இதமாக இருக்கும். அதனாலேயே அறை வாடகை ஏறியிருக்கும். அரசுப் பணியில் இருப்பதால் என் மனைவி துறையிடமிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும். அது எப்போது வரும் என்பதை நாங்கள் தீர்மானிக்க முடியாததால், எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்கே விண்ணப்பித்தோம்.

ஒரு யூரோவை 105 ரூபாய் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோபுரம் கட்ட நினைக்கிறவனைக் குறித்து லூக்கா 14-இல் ஆண்டவர் சொன்ன உவமையை, மூன்று கோட்டைக் குன்றுகளைத் தினமும் பார்த்து வாழும் செஞ்சிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து வளைகுடா நகரொன்றில் மாறிச் செல்லும் விமானத்துக்கு ஆளுக்கு 60,000 வீதம் 3 லட்சம். ஷெங்கன் விசாக் கட்டணம் பன்னிரண்டு வயது நிறைந்த எல்லோருக்கும் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும், குறைந்தது 30,000 யூரோவுக்கான கட்டாய மருத்துவக் காப்பீடும் சேர்த்தால் ஐவருக்கும் 70,000 ஆகிறது. இரண்டு அறைகளும் சமையலறையும் உள்ள தங்குமிடம் இரவுக்கு 150 யூரோ. ஒன்பது இரவுக்கு 1 லட்சத்து 42 ஆயிரம். அதன்மேல் ரோமாபுரி நகராட்சி, தலைக்கும் இரவுக்கும் கணக்கிட்டுத் தங்கல் வரி வசூலிக்கிறது. அறையைப் பதிவு செய்யும்போது கண்ணில் படாத இந்த வரிக்கு 24,000 ஒதுக்கினோம். உணவுக்கு 84,000. ரயிலுக்கும் பேருந்துக்கும் 32,000. நுழைவுச் சீட்டுகளுக்கு 21,000. கைரேகை பதிக்க எல்லோரும் நேரில் போக வேண்டியிருப்பதால் சென்னைப் பயணங்கள், பாஸ்போர்ட் முதலியவற்றுக்கு 10,000. எதிர்பாராததற்கு 50,000. மொத்தம் 7 லட்சத்து 33 ஆயிரம். கையிருப்பு 7 லட்சம்.

அந்தத் தாளை என் தாயாரும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு எதுக்குப்பா இத்தாலி? முட்டி வேற ஒத்துழைக்கல. நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. நான் தங்கச்சி வீட்ல இருந்துக்குறேன்" என்றார். அவர் இல்லாமல் கணக்குப் போட்டால் ஒரே அறை போதும், எழுபது வயதைத் தாண்டியவருக்கான கூடுதல் காப்பீட்டுத் தொகை இல்லை. 1 லட்சத்து 56 ஆயிரம் குறைந்து, 5 லட்சத்து 77 ஆயிரத்தில் பயணம் முடிந்துவிடும். வெனிசும் நிற்கும், கையில் மிச்சமும் இருக்கும். கணக்கு அவர் பக்கமே பேசியது. வீட்டில் யாரும் அன்று பதில் சொல்லவில்லை.

நம் குடும்பங்களில் இது எத்தனை எளிதாக நடந்துவிடுகிறது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பெரியவர்கள் தாங்களாகவே விலகிக்கொள்கிறார்கள். அவர்களே சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாம் மனச்சாட்சியை ஆற்றிக்கொள்கிறோம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மையும் இருந்தது. முட்டி வலி கற்பனையன்று. ரோமாபுரியின் பழைய தெருக்கள் கருங்கல் பாவியவை. பொம்பேயின் வீதிகள் இன்னும் மேடு பள்ளமானவை. ஆகவே பாசத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் சோதித்துப் பார்ப்பதென்று நினைத்தேன். அதற்கு நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவரை ராஜகிரி அடிவாரத்துக்கு அழைத்துச் சென்றோம். உச்சிக்கு அன்று, கீழ்க்கோட்டைக்கு மட்டும். பெரியவர்களுக்கு 25 ரூபாய் கட்டணம். பதின்மூன்று வயது மகனுக்கு இலவசம். கல்யாண மகால், தானியக் களஞ்சியம், யானைக்குளம் என்று நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து நடந்தார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்திய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் நம் கோட்டையையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருப்பது இது ஒன்றே. 1597-இல் இங்கே வந்த பிமெந்தா என்னும் இயேசு சபைக் குரு, இந்நகரின் பருமனைச் சொல்ல லிஸ்பன் நகரைத் துணைக்கு அழைத்தார். இத்தனையையும் விளக்கியபடியே நடந்தேன். அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு மணி நேரத்தில் நான்கு முறை உட்கார்ந்தார். மறுநாள் ஆராதனைக்கு வழக்கம்போல் வந்தார். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் நடை, நடுவில் இளைப்பாறுதல், மாலையில் ஓய்வு: அவருடைய அளவு தெரிந்துவிட்டது. இந்த அளவுக்குள் பயணத்தை அடக்க முடியுமா என்பதே அதன் பிறகு எங்கள் கேள்வி.

அடக்கினோம். ஒன்பது இரவுகள் ஏழாயின. வெனிஸ் நீங்கியது, ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் போய், பாலம் பாலமாகப் படி ஏறி இறங்குவது அம்மாவுக்கு ஆகாது, பணத்துக்கும் ஆகாது. என் மகள் இரண்டு நாள் பேசவில்லை. வெனிஸில் பிறந்த மனூச்சி சென்னையிலும் புதுச்சேரியிலும் வாழ்ந்து, ஊர் திரும்பாமல் இந்நாட்டிலேயே இறந்ததைச் சொல்லித் தேற்றப் பார்த்தேன். அவள் தேறவில்லை. பதினேழு வயதில் நானும் தேறியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள், நேப்பிள்ஸ் போகும் நாளில் மாலைக் கடற்கரை அவள் விருப்பப்படி என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சிறு சிறு சேமிப்புகளை மகன் கண்டுபிடித்தான். ரோமாபுரி விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் விரைவு ரயிலுக்கு ஆளுக்கு 14 யூரோ. சாதாரண ரயிலுக்கு 8. கொலோசியம், பொம்பே போன்ற அரசு நினைவிடங்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குக் கட்டணமில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம் என்றாலும், அந்த நீண்ட வரிசையில் அம்மாவை நிறுத்த முடியாது என்பதால் அங்கே மட்டும் பணம் கட்டுகிறோம். அங்கே சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள். விமான நிறுவனங்களிடமும் முன்கூட்டியே சொன்னால் கிடைக்கும். குடிநீர் வாங்க வேண்டியதில்லை. ரோமாபுரித் தெருக்களில் நல்ல தண்ணீர்க் குழாய்கள் நாள் முழுதும் ஓடுகின்றன. அரிசியும் பருப்புப் பொடியும் கொண்டு போகிறோம். நெய் கூடாது, பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச் செல்லத் தடை. தங்குமிடம் தேடும்போது மின்தூக்கி உண்டா என்பதையே முதலில் கேளுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது. புதுக் கணக்கு 6 லட்சத்து 65 ஆயிரம். ஐந்து பேருக்கும்.

வாடகை என்றதும் அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரம் நினைவுக்கு வருகிறது. புத்தேயோலித் துறைமுகத்தில் சகோதரர்கள் வேண்டிக்கொள்ள, பவுல் ஏழு நாள் அவர்களிடத்தில் தங்குகிறார். ரோமாபுரியிலோ இரண்டு வருஷம் முழுவதும் வாடகை வீடு. காவலில் இருந்தவர் வாடகை கொடுத்தார்! யார் பணம், எவ்வளவு என்று லூக்கா எழுதவில்லை. புத்தேயோலி இன்றைக்குப் பொத்சுவோலி என்னும் ஊர். நேப்பிள்ஸிலிருந்து நகர ரயிலிலேயே போய்விடலாம். அங்கிருந்து பவுல் ரோமாபுரிக்கு வந்தது அப்பியா சாலை வழியாக. கி.மு. 312-இல் போடத் தொடங்கிய அந்தச் சாலையின் பழைய கற்கள் நகரத்தின் தெற்கே இன்றும் கிடக்கின்றன, பார்க்கக் கட்டணமில்லை. கடைசி நாள் காலை முழுவதும் அதற்கே வைத்திருக்கிறோம், வேறு எந்த நிகழ்ச்சியும் இல்லாமல். அம்மா எவ்வளவு தூரம் நடக்கிறாரோ அவ்வளவு தூரம்.

அம்மாவின் பாஸ்போர்ட் சென்ற வாரம் வந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணத்தில் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள். ஆதாரிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பிறந்த தேதி வேறு வேறாக இருந்ததைச் சரிசெய்யவே ஒரு மாதம் ஆயிற்று. அடுத்த வாரம் கைரேகைக்காக ஐவரும் சென்னை போகிறோம். விசா கிடைக்க ஜெபித்துக்கொள்ளுங்கள். கிடைத்தால், நான் இல்லாத இரண்டு ஞாயிறுகளிலும் திண்டிவனத்திலிருந்து ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் வந்து ஆராதனை நடத்துவார். அந்த இரு வாரமும் இந்தப் பக்கத்தில் தியானம் வராது.