பொழிக்கரையில் ஒரு கொரியப் பாடம்

நெய்யாறு அரபிக் கடலைத் தொடும் இடத்தில் பூவார். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே பொன்மணல் திட்டு. அலையாத்திக் காடுகளுக்குள் சுற்றுலாப் படகுகள் நுழைந்து வெளியேறுகின்றன. 1956 நவம்பரில் விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. கோடு போட்டார்கள், பேச்சு கேட்கவில்லை. பாறசாலை பக்கத்து எல்லைக் கிராமங்களில் இரண்டு மொழியும் புழங்குகின்றன.

இப்படிப் பழகிய காது, புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே கொரிய மொழி கற்க உட்கார்ந்தால்? ஹங்குல் எழுத்து பயமுறுத்தாது. மன்னர் செஜோங் 1446-ல் வெளியிட்டது. இன்று அடிப்படை எழுத்துகள் 24தான். வாக்கியமும் அந்நியமல்ல. 'நானுன் ஹக்க்யோஏ கயோ' என்றால் 'நான் பள்ளிக்குப் போகிறேன்'. வரிசை அப்படியே தமிழ். வினைதான் வேறு: நானோ அவளோ, யார் போனாலும் 'கயோ'. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இது உறுத்தும். 'ஞான் போகுந்நு, அவள் போகுந்நு' என்று கேட்டு வளர்ந்தவருக்கு உறுத்தாது.

(அம்மா, அப்பா ஒற்றுமையைக் காட்டிச் சொந்தம் கொண்டாடுபவர்கள் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் 1905-ல் ஒப்பிலக்கணமே எழுதினார், உறவு நிரூபணமாகவில்லை.)

இடறுவது ஒலியில். கொரிய மொழியில் ககரம் மூன்று: இயல்பானது, மூச்சோடு வருவது, இறுக்கமானது. இரண்டாவதற்கு மலையாளம் கைகொடுக்கும். 'பக்கம்' என்பதிலுள்ள இறுக்கத்தைச் சொல்லின் முதலிலேயே கொண்டுவர நாக்கு மறுக்கும். பூவாரில் மலையாளத்தைத் தப்பாகச் சொன்னால் படகுக்காரர் சிரித்துத் திருத்திவிடுவார். கொரியப் புத்தகம் சிரிப்பதில்லை. ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.