வீடு என்ற ஒரு சொல்

சினிமாப் பாட்டில் மெட்டு முதலில் வருகிறதா, வரி முதலில் வருகிறதா என்று பட்டிமன்றம் நடக்காத டீக்கடை நம் ஊரில் இல்லை. இரண்டும் உண்டு. கே.வி. மகாதேவன் எழுதிய வரியைக் கையில் வாங்கி மெட்டுப் போடுவதை விரும்பியவர். 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் ஜி. ராமநாதனுக்கு வேறு வழியே இல்லை. பாரதி மறைந்து 40 ஆண்டு. ஒரு சொல்லை மாற்றித் தாருங்கள் என்று யாரிடம் கேட்பது!

பெரும்பாலும் மெட்டுத்தான் முன்னால் வரும். இசையமைப்பாளர் 'தன்னன்னா' என்று பாடிக் காட்டுவார், கவிஞர் அந்த அளவுக்குச் சொல் தருவார். 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தில் ஸ்ரீதேவி வெறும் மெட்டைப் பாட, கமல் உடனுக்குடன் வரி சொல்வாரே, எம்.எஸ்.வி.யும் கண்ணதாசனும் உட்கார்ந்த அறையை எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும் எனக்கு.

34 வருடம் தமிழ் நடத்தியவன் நான். நேர், நிரை என்றால் பாதி வகுப்பு கொட்டாவி விடும். அதே பிள்ளைகளுக்கு ஒரு சினிமா மெட்டை மேசையில் தட்டிக் காட்டி, வேறு சொல் போடச் சொன்னால் போதும். குறில் இருக்கவேண்டிய இடத்தில் நெடில் வந்தால், புத்தகம் பார்க்காமலே "ஐயா, இடிக்குது" என்பார்கள்.

என் தங்கை பேரன் ஒரு குறும்படத்துக்கு இசை அமைக்கிறான். போன மாதம் மெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "தாத்தா, நாலு வரி எழுதிக் கொடுங்க" என்றான். ஊர் வீட்டை விற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு வரும் ஒரு பெரியவரின் கதை. எங்கள் பூர்வீக வீடு தை மாதம்தான் கைமாறியது. அவன் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசி வரியை 'வீடு' என்று முடித்திருந்தேன். மெட்டோ கடைசி எழுத்தில் நாலு தட்டு நீண்டு நிற்கிறது. "வீடூஊஊன்னு வருது தாத்தா. நிலா, கனா மாதிரி வாய் திறந்து முடியுற சொல்லாக் கொடுங்க" என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் உண்டு. அந்த 'டு' குற்றியலுகரம், அரை மாத்திரைதான். அதை நாலு தட்டுக்கு இழுத்தால் தொல்காப்பியர் எழுந்து வந்துவிடுவார். ஆனால் அந்த இடத்தில் நிலாவையும் கனாவையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை. "டேய், நீட்ட வேண்டியது 'வீ'யைத்தான். நெடில், அளபெடுக்கும். டுவை உடனே விட்டுடு" என்றேன். "அப்ப ட்யூனே மாறிடும்" என்று போனை வைத்துவிட்டான்.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் புது ஒலிப்பதிவு வந்தது. 'வீ' மூன்று தட்டு நிற்கிறது. 'டு' சட்டென்று அறுகிறது. அதற்குப் பின்னால் வாத்தியம் எதுவும் இல்லை, பழைய தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளேதான். பத்திரப்பதிவுக்கு முந்தின நாளே போனில் பதிவு செய்து வைத்திருக்கிறான், பயல்.

சரணம் இன்னும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டுமாம்.